குழந்தையின் தொடையிடுக்குக் குடலிறக்கம்: எப்போது, யாரிடம், எந்த முறையில் அறுவை செய்துகொள்வது?

தொடையிடுக்கில் குழந்தைக்குக் குடல் இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, கீறிச் செய்வதா, துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்வதா என்பதுதான். குழந்தைகள் அறுவைப் பிரிவில் செவிலியாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய என்னிடம், சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் வந்த தாய்மார்கள் திரும்பத் திரும்பக் கேட்டதும் இதைத்தான். கேள்வி நியாயமானது, ஆனால் குழந்தை நலமாக வீடு திரும்புவதில் அதற்கு மூன்றாம் இடமே உண்டு. எப்போது செய்வது என்பது முதலாவது. மயக்க மருந்து கொடுப்பவரும் அறுவை செய்பவரும் யார் என்பது இரண்டாவது. பெற்றோர் தங்கள் கவலையையும் விசாரிப்பையும் இந்த வரிசையில் செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆண் குழந்தையின் விதைகள் கருவில் சிறுநீரகத்துக்கு அருகே உருவாகி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் விதைப்பைக்கு இறங்குகின்றன. அவை இறங்கும் பாதையில் வயிற்றின் உட்படலமும் சிறு பையாக நீண்டு கூடவே வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பை பிறப்பையொட்டி மூடிக்கொள்கிறது. மூடாமல் அகலமாக இருந்துவிட்டால் குடல் அதற்குள் இறங்கும். குறுகலாக இருந்தால் வயிற்று நீர் மட்டும் கசிந்து விதைப்பையில் நீர்வீக்கமாகத் தேங்கும். வலப்பக்கப் பை தாமதமாக மூடுவதால், பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஆறு பேருக்கு வலப்புறமும், மூவருக்கு இடப்புறமும், ஒருவருக்கு இருபுறமும் குடலிறக்கம் காணப்படுகிறது. பெண் குழந்தைகளுக்கும் இதே போன்ற பை உண்டு. அவர்களில் குடலுக்குப் பதிலாகச் சினைப்பை இறங்குவது சாதாரணமாக நடப்பதே. மாதம் நிறைந்து பிறந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை இந்தக் குறை காணப்படுகிறது; மிகக் குறைந்த எடையுடன் குறைமாதத்தில் பிறந்தவர்களில் அது நூற்றுக்கு 30 வரை உயரும்.

ஆகவே, குழந்தையை அழவிட்டதால் குடல் இறங்கியது என்று மருமகளைக் குறை சொல்வதில் பொருளில்லை. திறந்திருந்த பையை அழுகை வெளிக்காட்டியது, அவ்வளவே. பெரியவர்களுக்கு வரும் குடலிறக்கம் வயிற்றுச் சுவரின் தசை தளர்வதால் வருவது. அதற்கு வலை வைத்துத் தைக்கிறார்கள். குழந்தையின் தசையில் குறையில்லை. பையை அடியில் பிரித்து, கோணிப்பையின் வாயைக் கட்டுவது போல அதன் கழுத்தைக் கட்டிவிட்டால் போதும். தாத்தாவுக்கு வலை வைத்தார்களே, இவனுக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

காத்திருந்து பார்ப்பது ஒரு தெரிவாகுமா? குழந்தைக்கு இருப்பது என்ன என்பதைப் பொறுத்தது அது. குழப்பம் தொடங்கும் இடமும் இதுவே. தொப்புளில் துருத்தும் குடலிறக்கம் பெரும்பாலும் தானாகவே மூடும். நான்கைந்து வயது வரை பொறுத்திருப்பதே முறை. விதைப்பை நீர்வீக்கமும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். இவற்றைக் கண்டு, "மூத்தவனுக்குத் தானாகச் சரியாயிற்று, இவனுக்கும் ஆகும்" என்று பாட்டிமார் சொல்வது அனுபவத்தில் பிறந்த சொல்தான். ஆனால் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கு அது பொருந்தாது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு ஒரு முறை குடல் இறங்கியது உறுதியானால், அந்தப் பை இனி மூடும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. விதைப்பையில் விளக்கொளி பாய்ச்சிப் பார்த்து ஒளி ஊடுருவினால் வெறும் நீர் என்று முடிவுகட்டும் பழக்கமும் சிசுக்களில் நம்பத் தக்கதன்று. மெல்லிய குடலும் ஒளியை ஊடுருவ விடும்.

அரைஞாண் கயிறு கட்டினால் குடல் இறங்காது என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. கட்டுவதில் தீங்கில்லை, வழக்கமாகக் கட்டுவதை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். ஆனால் குறை இருப்பது வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தில். இடுப்பைச் சுற்றிய கயிறு அதை எட்டாது. பெல்ட் போன்ற இறுக்கமான கட்டும் எட்டாது. இறங்கிய குடலின் மேல் அத்தகைய கட்டு அழுத்தினால் கேடுதான் விளையும்.

தாமதத்தின் விலை என்னவென்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இறங்கிய குடல் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டால், அதுவரை குளிக்கும்போதும் அழும்போதும் தோன்றி, தூங்கும்போது மறைந்த மென்மையான வீக்கம் கெட்டியாகி, தொட்டாலே குழந்தை வீறிட்டு அழும். பால் குடிக்க மறுக்கும். பிறகு வாந்தி எடுக்கும். வாந்தி பச்சை நிறமாக மாறினால் குடல் அடைபட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் அது அழுகும். அதே வேளையில், விதைக்குச் செல்லும் நாளங்களும் நசுக்கப்படுவதால், குடல் தப்பினாலும் விதை சுருங்கிவிடக்கூடும். இந்த ஆபத்து முதல் ஆண்டில்தான் மிக அதிகம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு, நோய் கண்டறிந்ததிலிருந்து 14 நாளுக்கு மேல் காத்திருந்தவர்களில் குடல் சிக்கிய விகிதம் 5.2 விழுக்காட்டிலிருந்து 10.1 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ இரு மடங்காக, உயர்ந்ததைக் காட்டியது. சிசுவாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் என்று பல மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குப் பின்னால் இத்தகைய கணக்கு இருக்கிறது. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு, வீக்கம் எளிதாக உள்ளே போகிறது என்றால், சில வாரங்கள் திட்டமிட்டுக் காத்திருக்கலாம். மாதக்கணக்கில் தள்ளக் கூடாது.

ஆடிக் கஞ்சி முடியட்டும், புரட்டாசி விரதம் கழியட்டும், தைப்பூசக் காவடி எடுத்துவிட்டு வருகிறோம் என்று தேதி கேட்பவர்களை நான் அறிவேன். நல்ல நாள் பார்ப்பது தவறில்லை. இரண்டு வாரத்துக்குள் கிடைக்கும் நாள்களில் நல்லதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் தேடாதீர்கள்.

வீக்கம் கெட்டியான நேரத்தில் தெரிவு என்று எதுவும் இல்லை. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும், பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருக்கவும் கூடாது. அங்கே வலியடக்கி கொடுத்து, குழந்தை தளர்ந்த நிலையில், மருத்துவர் இரு கையாலும் மெல்ல அழுத்திக் குடலைப் பெரும்பாலும் உள்ளே அனுப்பிவிடுவார். அப்படி உள்ளே போனதும் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. வீங்கிய திசு வடிவதற்காக 24 முதல் 48 மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்திருந்து, அதே சேர்க்கையில் அறுவை செய்வதே பாதுகாப்பான வழி. வீட்டில் நீங்களே அழுத்தி உள்ளே தள்ள முயல வேண்டாம்.

குறைமாதக் குழந்தைகளின் நிலை வேறு. உடனே செய்வதா, பொறுத்துச் செய்வதா என்ற கேள்வி உண்மையிலேயே கடினமாவது இவர்களிடம்தான். சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே குடலிறக்கம் தெரிந்துவிட்டால், வீட்டுக்கு அனுப்புமுன் அறுவையை முடித்துவிடுவதே நெடுங்காலம் பலரின் வழக்கமாக இருந்தது. வீட்டில் சிக்கிக்கொள்ளுமோ என்ற அச்சமே காரணம். அமெரிக்காவின் 39 மருத்துவமனைகளில் நடந்து 2024இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு இந்த வழக்கத்தை அசைத்திருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் செய்துகொண்டவர்களில் 28 விழுக்காட்டினருக்குக் கடுமையான பக்கவிளைவு ஏதேனும் ஒன்று நேர்ந்தது. கருவுற்ற கணக்கில் 55 வாரம் கடந்த பின், அதாவது பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மாதம் கழித்துச் செய்துகொள்ள ஒதுக்கப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கே நேர்ந்தது. பின்னவர்களில் சிலருக்கு அறுவை தேவைப்படாமலே சரியாயிற்று. நுரையீரல் முதிர முதிர மயக்க மருந்தைத் தாங்கும் வலு கூடுகிறது என்பதே இதன் உட்பொருள்.

ஆனால் இந்த முடிவை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். காத்திருக்கும் மாதங்களில் வீக்கம் சிக்கினால் நள்ளிரவிலும் விரைவாக மருத்துவமனையை அடைய முடியுமா? டர்பனுக்குள் கார் வைத்திருக்கும் குடும்பமும், வடக்குக் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால் டாக்சியை நம்பி இருக்கும் குடும்பமும் ஒரே விடையைச் சொல்ல முடியாது. இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்தது மயக்க மருந்து. இதற்குத்தான் பெற்றோர் மிகவும் பயப்படுகிறார்கள். மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஏழு நாடுகளில் 700க்கும் மேற்பட்ட சிசுக்களைக் கொண்டு, இதே குடலிறக்க அறுவையை வைத்தே இந்த அச்சம் சோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு முழு மயக்கம். மறு பகுதியினருக்கு விழித்த நிலையில் முதுகுத் தண்டுப் பக்கம் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தல். இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் அறிவுத்திறனைச் சோதித்தபோது இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஐந்து வயது முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒற்றை மயக்கத்தைக் கண்டு அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று இதிலிருந்து துணிந்து சொல்லலாம். உண்மையான கவலை மூச்சைப் பற்றியது. குறைமாதத்தில் பிறந்து, கருவுற்ற கணக்கில் 60 வாரத்தை எட்டாத குழந்தை, மயக்கம் தெளிந்த பிறகும் சில மணி நேரத்துக்கு இடையிடையே மூச்சை நிறுத்தக்கூடும். இரத்தசோகை இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். அத்தகைய குழந்தையைக் காலையில் சேர்த்து மாலையில் அழைத்துச் செல்லும் ஏற்பாட்டுக்கு நீங்கள் இணங்கக் கூடாது. இரவு முழுவதும் மானிட்டரில் வைத்துக் கண்காணிக்கும் வசதியும், சிசுக்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரும் இருக்கும் இடமே அதற்கு உரியது.

அறுவை செய்பவரைப் பற்றியும் இதே அளவுகோல்தான். ஐந்து வயதுப் பையனுக்கு, குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யும் பொது அறுவை மருத்துவர் போதும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலிறக்கப் பை ஈரத்தாள் அளவுக்கு மெல்லியது. அதன் மேல் ஒட்டியே விதையின் நாளங்களும் விந்துக்குழாயும் செல்கின்றன. அங்கே குழந்தைகள் அறுவை நிபுணரின் கை வேண்டும்.

இனி, கீறலா கேமராவா என்ற கேள்விக்கு வரலாம். திறந்த முறையில் தொடையிடுக்கின் மடிப்பிலேயே ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கீறி, பையைப் பிரித்து, கழுத்தில் கட்டுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம். தழும்பு மடிப்பில் மறைந்துவிடும். தேவைப்பட்டால் முதுகு ஊசியிலேயே செய்யலாம் என்பது குறைமாதக் குழந்தைக்குப் பெரிய அனுகூலம். லேப்பராஸ்கோப்பி முறையில் தொப்புள் வழியாகக் கேமராவை விட்டு, வயிற்றைக் காற்றால் விரித்து, திறந்திருக்கும் வாயை உட்புறத்திலிருந்து தையலால் மூடுகிறார்கள். தோலின் வழியே ஊசியைச் செலுத்தித் தையலை வெளியிலிருந்தே முடிச்சிடும் எளிய வகையும் உண்டு. இதற்கு முழு மயக்கமும் வழக்கமாக மூச்சுக்குழாயில் குழாயும் வேண்டும். இருபுறமும் குடலிறக்கம் இருந்தால் நேரம் மிச்சமாகும். முன்பு திறந்த முறையில் செய்து மீண்டும் வந்த குடலிறக்கத்துக்கு இது குறிப்பாக நல்லது. தழும்பேறிய பாதையை மறுபடி கிளற வேண்டியதில்லை.

மீண்டும் வரும் வாய்ப்பு, திட்டமிட்டுச் செய்த அறுவையில் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கிறது. பழகிய கைகளில் இரு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. தழும்பும் வலியும் இரண்டிலும் சிறியவை. ஆகவே, உங்கள் மருத்துவர் எதை நாள்தோறும் செய்கிறாரோ அதையே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். கேமரா முறை கிடைக்கும் வரை ஒரு சிசுவை இரண்டு மாதம் காத்திருக்க வைப்பதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

கேமரா முறைக்குச் சாதகமாகச் சொல்லப்படும் முக்கிய வாதம், மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம் என்பது. அப்படிப் பார்க்கையில் நூற்றில் 30, 40 குழந்தைகளுக்கு மறுபக்கப் பையும் திறந்தே காணப்படுகிறது. ஆனால் அந்தப் பக்கம் பின்னாளில் குடலிறக்கம் வருவது நூற்றில் ஏறக்குறைய ஏழு பேருக்குத்தான். திறந்திருப்பதையெல்லாம் மூடினால், பலருக்கு வேண்டாத தையல் போட்டுச் சிலரைக் காப்பாற்றுகிறோம். மூடாமல் விட்டால், அந்தச் சிலருக்கு இரண்டாம் முறை மயக்கம் தேவைப்படும். சத்திரசிகிச்சை நிபுணர்களே இதில் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. இரண்டாம் மயக்கம் ஆபத்தாகக்கூடிய குழந்தைக்கு மூடுவதையும், நலமாக இருக்கும் மூன்று வயதுப் பையனுக்கு விட்டுவைப்பதையும் நான் விரும்புவேன். எதுவானாலும் கையொப்பமிடுமுன் கேளுங்கள்; அறுவை மேசையில் முடிவாகட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

பெண் குழந்தைக்கு இறங்கியிருக்கும் சினைப்பை வலியில்லாத சிறு கட்டியாக, அசையாமல் இருக்கும். வலி இல்லை என்பதற்காக அதை விட்டுவைக்கக் கூடாது, அது முறுக்கிக்கொள்ளக்கூடும். குடலிறக்கமுள்ள பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்கு, வெளித்தோற்றம் பெண்ணாகவும் உள்ளே இருப்பது விதையாகவும் அமைந்த பிறவி நிலை வெளிப்படுகிறது. கருப்பையும் சினைப்பையும் இருப்பதை உள்ளே கண்டு உறுதி செய்ய முடிவதால், பெண் குழந்தைகளுக்குக் கேமரா முறைக்குக் கூடுதல் பயன் உண்டு.

அரசு மருத்துவமனையா, தனியாரா? மருத்துவக் காப்பு இல்லாத ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 1994 முதல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. உள்ளூர்க் கிளினிக்கிலிருந்து சாட்ஸ்வர்த்தின் ஆர்.கே. கான் மருத்துவமனைக்கோ ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி மருத்துவமனைக்கோ போய், தேவையானால் அங்கிருந்து கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள். 2002இல் தொடங்கிய அந்த மருத்துவமனை பரிந்துரையின் பேரில் மட்டுமே நோயாளிகளை ஏற்கிறது. சிசுக்களுக்கான நிபுணத்துவம் அரசு மத்திய மருத்துவமனைகளில் குறைவில்லை, குறைவது நேரம்தான். அவசர நோயாளிகள் வந்தால் முதலில் தள்ளிப்போகிறவை திட்டமிட்ட அறுவைகள். ஆகவே குழந்தையின் வயதை வாரக்கணக்கில் சொல்லி, முன்பு ஒருமுறை சிக்கியிருந்தால் அதையும் சொல்லி, பரிந்துரைக் கடிதத்தில் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். தேதி மாற்றப்பட்டால் புதிய தேதியைக் கேட்டுப் பெறாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

மருத்துவக் காப்பு உள்ளவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி: சிக்கலற்ற குடலிறக்கமானாலும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு அதைச் சரிசெய்வது, ஒவ்வொரு காப்புத் திட்டமும் கட்டாயமாக வழங்க வேண்டிய குறைந்தபட்சப் பலன்களின் பட்டியலில் இருக்கிறது. மலிவான திட்டம் என்பதால் கிடையாது என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். எழுத்தில் பதில் கேளுங்கள். தங்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று திட்டம் நிபந்தனை விதிக்கலாம்; மீறினால் மிச்சக் கட்டணம் உங்கள் தலையில் விழும். சென்னைக்கு அழைத்துப்போய்ச் செய்துகொள்ளலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அங்கே திறமைக்குக் குறைவில்லை. ஆனால் விமானம் மாறிச் செல்லும் நெடும் பயணத்தின் நடுவே சிசுவின் குடல் சிக்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இங்கேயே நன்றாகச் செய்யக்கூடிய அறுவைக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும், வீக்கம் தோன்றும்போது தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன் குழந்தை அமைதியாகப் படுத்திருக்க, வீக்கம் மறைந்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகள் உண்டு. தெளிவான படம் ஒன்று பல வாரங்களை மிச்சப்படுத்தும். அறுவை நாளில் புட்டிப்பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு வரை தரலாம் என்பது பொது வழக்கம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரமே இறுதியானது. வெள்ளி அரைஞாணைக் கழற்ற வேண்டியிருக்கும். இரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் மின்கருவியைப் பயன்படுத்தும்போது உடலில் உலோகம் இருக்கக் கூடாது. வாசலில் செவிலி கத்தரிக்கோலை எடுக்கும்போது பாட்டியின் முகம் வாடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முந்தின நாளே வீட்டில் அவர் கையாலேயே அவிழ்த்துச் சாமி படத்தின் முன் வைத்துவிடச் சொல்லுங்கள். காயம் ஆறியதும் அவரே கட்டலாம்.

வீடு திரும்பியபின் முதல் இரண்டு நாள் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். விதைப்பை வீங்கியும் கன்றிப்போயும் இருப்பது இயல்பு. சில வாரங்களில் வடியும். காய்ச்சலோ, காயத்தில் சீழோ, தொடர் வாந்தியோ இருந்தால் மட்டும் உடனே திரும்பிப் போங்கள். சில வாரம் கழித்து நடக்கும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்: விதை விதைப்பையிலேயே இருக்கிறதா, தழும்போடு மேலே இழுபட்டுவிட்டதா, அளவு குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பது அன்றுதான். எந்தப் பக்கம், எந்த முறை, மறுபக்கம் பார்க்கப்பட்டதா, மூடப்பட்டதா என்ற விவரங்களைக் குழந்தையின் உடல்நலப் பதிவேடான ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு என்றாவது மறுபக்கம் வீக்கம் தோன்றினால், அப்போது பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.